பெற்றோரும் ஆசிரியரும் கூடி அமைக்கும் பாடசாலைத் தோட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. பாடசாலை வளவிலே ஒரு தோட்டம் அமைப்பதும், அதனைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கு கூடி அமைப்பதுமே அப்பொருள். நாலு கத்தரியும் பத்து வெண்டியும் நடுவதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், எம் ஊர்ப் பாடசாலைகளில் இதுவரை தொடங்கப்பெற்ற தோட்டங்கள் எத்தனை, அவற்றுள் இரண்டாம் ஆண்டைக் கண்டவை எத்தனை என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பேசவேண்டிய பொருள் இதுவே என்பது அப்போது விளங்கும்.

வழமையாக நடப்பது யாது? மழை தொடங்கும் காலத்தில் ஒரு நாள் விழா நடைபெறுகின்றது. பிரமுகர்கள் வந்து கன்றுகளை நடுகின்றனர், படம் எடுக்கப்படுகின்றது. கார்த்திகை, மார்கழியில் வானம் நீரூற்றுவதால் கன்றுகள் தளிர்க்கின்றன. தை பிறந்து மழை ஓய்ந்ததும் தண்ணீர் வார்க்கும் வேலை ஓர் ஆசிரியர் தலையில் விழுகின்றது. சித்திரை விடுமுறையில் படலை பூட்டப்படுகின்றது. உள்ளே வெயில் காய்கின்றது. வேலிப் பொட்டுக்குள்ளால் ஆடு நுழைகின்றது. விடுமுறை கழிந்து பிள்ளைகள் திரும்பும்போது எஞ்சியிருப்பது பெயர்ப்பலகை ஒன்றே. அதன்பின் அவ்வாசிரியரும் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டால், தோட்டத்தின் கதை அத்துடன் முடிந்தது.

இதற்கு மண்ணைக் குறை கூறுவோர் உளர்; தண்ணீரைக் குறை கூறுவோரும் உளர். அதே மண்ணில், அதே தண்ணீரில், பாடசாலை மதிலுக்கு அப்பால் ஒரு தகப்பனார் வெங்காயமும் மிளகாயும் விளைவித்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகின்றார். அவருடைய பிள்ளை அந்தப் பாடசாலையிலேதான் படிக்கின்றது. ஆயினும் தோட்டத்தை எங்கே வைப்பது, எதை எப்போது நடுவது என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. எமது தோட்டங்கள் பட்டுப்போவதற்கு முதற் காரணம் இதுவே என்பது எம் கருத்து.

பாடசாலைத் தோட்டம் புதிய கொள்கையன்று. ஜெர்மனி தேசத்துப் பிரோபெல் என்னும் அறிஞர் 1837இல் சிறுவர்க்கென ஒரு பள்ளியை நிறுவி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். பெயரளவில் நின்றுவிடாது, பிள்ளைகள் தம் கையாற் பயிரிடுவதற்குச் சிறு பாத்திகளையும் அங்கு வகுத்தார். 'கிண்டர்கார்ட்டன்' என்னும் சொல்லை இன்று நாவினிக்கச் சொல்லும் நாம், அச்சொல்லினுள்ளே ஒரு தோட்டம் இருப்பதை மறந்துவிட்டோம். வங்கத்திலே கவியரசர் தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலிற் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 1922இல் அயலிலே ஸ்ரீநிகேதனத்தை நிறுவிக் கிராமத்து உழவையும் கல்வியையும் இணைக்க முயன்றார்.

காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வார்தாவிற் கூட்டிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்துக் கற்பிக்கும் ஆதாரக் கல்விக்கு வழி வகுத்தது. பாடத்திட்டம் வகுக்க ஜாகீர் ஹுசேன் அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவின் அழைப்பாளராக இருந்தவரும், பின்னர் சேவாகிராமத்திலே அக்கல்வியைத் தம் துணைவியார் ஆஷாதேவியாருடன் நெடுங்காலம் நடத்தியவரும் யார் தெரியுமா? இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் அவர்களே. சேவாகிராமத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டமும் சமையலறையும் துப்புரவும் நூல் நூற்பும் பாடமாக அமைந்தன. எம்மவர் ஒருவர் அயல்நாட்டிற் செய்துகாட்டிய காரியத்தை எம் ஊரிற் செய்ய நாம் தயங்குவானேன்?

இலங்கையிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாடசாலைத் தோட்டங்கள் அரசினரால் ஊக்குவிக்கப்பெற்றன. ஆகவே கொள்கைக்கு எக்காலத்தும் குறைவில்லை. குறைவு எங்கே உள்ளதென்றால், பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள படலையிலே உள்ளது.

பெற்றோர் அந்தப் படலையைக் கடந்து உள்ளே வருவது எப்போது? பிள்ளையைச் சேர்க்கும் நாளில் வருகின்றனர். தேர்ச்சி அறிக்கையிற் கையொப்பம் இட வருகின்றனர். பிள்ளை குற்றம் செய்தால் அழைக்கப்படுகின்றனர். பணம் சேர்க்கும்போதும் அழைக்கப்படுகின்றனர். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒன்று எல்லா அரசாங்கப் பாடசாலைகளிலும் உண்டு. அதிபர் தலைவராயிருக்க, பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அதில் அங்கம் பெறுகின்றனர். ஆனால் அக்கூட்டத்தின் பின்வரிசையைச் சற்றே கவனியுங்கள். நாலு எழுத்து ஆங்கிலம் அறிந்த பெற்றோர் முன்னே பேச, தோட்டம் செய்பவரும் கூலிவேலை செய்பவரும் மூலையில் வாய்திறவாது அமர்ந்திருப்பர். தமக்குத் தெரிந்த எதுவும் அங்கே பயன்படாது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

தோட்டம் என்ற ஒன்று வந்தால் இந்த நிலை தலைகீழாக மாறும். அங்கே பட்டம் பெற்ற ஆசிரியர் கேட்பவராகவும், மண்வெட்டி பிடித்த தகப்பனார் சொல்பவராகவும் நிற்பர். "இந்த மூலையிலே மத்தியானத்துக்குப் பிறகு வேம்பின் நிழல் விழும், மிளகாய் காய்க்காது. வல்லாரை வையுங்கோ, சேர்" என்று அவர் சொல்லும்போது, அவர் பிள்ளை அருகில் நின்று அதைக் கேட்கும். தன் தகப்பனாரிடம் ஆசிரியர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கண்ட பிள்ளை, அன்று வீட்டுக்குப் போகும்போது சற்றே நிமிர்ந்து நடக்கும். அன்பர்களே, நூறு கத்தரிக்காயினும் இந்த ஒன்றையே நாம் பெரிய விளைச்சலாக மதிக்கின்றோம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவதை அறிவோம். "பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, கொத்த அனுப்பினோமா?" என்று கேட்கும் பெற்றோர் உளர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி இரவு பகலாய்க் கவலைப்படும் தாய்மார்க்கு இக்கேள்வி இயல்பானது. அவர்களை நாம் இகழவில்லை. அவர்களுக்கு இரண்டு விடைகள் கூறுவோம்.

முதலாவது, தோட்டம் படிப்பைக் கெடுக்காது. படிப்புக்குக் கால் முளைக்கச் செய்யும். ஆரம்ப வகுப்புகளில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றொரு பாடம் உண்டு. விதை முளைப்பதையும் வண்டு பூவை நாடுவதையும் படத்திற் பார்ப்பதினும் பாத்தியிற் பார்ப்பது நன்று. கணக்குக்கும் அங்கே குறைவில்லை. 3 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீற்றர். வறண்ட காலத்தில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லீற்றர் நீர் வேண்டும். 20 பாத்திக்கு 300 லீற்றர். 10 லீற்றர் வாளியால் 30 வாளி. 30 நாள் விடுமுறைக்கு 9000 லீற்றர். இக்கணக்கைச் செய்து, அந்த வாளிகளிற் சிலவற்றைத் தன் கையாற் சுமந்தும் பார்த்த பிள்ளைக்குப் பெருக்கலும் மறவாது, தண்ணீரின் அருமையும் மறவாது.

இரண்டாவது விடை சற்றுக் கசப்பானது. கொத்துவது இழிவு என்ற எண்ணமே அந்தக் கேள்வியின் அடியில் ஒளிந்திருக்கின்றது. உழைப்பவனின் சோற்றை உண்டு, உழைப்பை இகழும் இவ்வழக்கம் எம் சமூகத்தில் வேரூன்றியுள்ளது. உழவாரப் படையைக் கையிலேந்திக் கோயில் வீதியிற் புல் செதுக்கிய அப்பர் சுவாமிகளை வணங்கும் நாம், மண்வெட்டி பிடித்த கையைக் கண்டு முகம் சுழிப்பது எவ்வாறு பொருந்தும்? பாடசாலைகளிலும், குழப்படி செய்தவனைப் புல்லுப் பிடுங்க அனுப்பும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அது தண்டனையாகும்போது, புல்லுப் பிடுங்கிப் பிழைக்கும் தாயின் தொழிலும் தண்டனையாகிவிடுகின்றது. ஆதலால் தோட்டவேலை ஒருபோதும் தண்டனையாதல் கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவைத்தல் வேண்டும்.

இனி, செய்யும் முறை பற்றிக் கூறுவோம்.

முதலில், கன்று வாங்குவதற்கு முன் ஒரு கூட்டம் வேண்டும். அதையும் மண்டபத்திற் கூட்டாது வளவிலே கூட்டுதல் நன்று. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து காணியைச் சுற்றி நடக்கட்டும். வெயில் எங்கே, நிழல் எங்கே, வெள்ளம் எங்கே தேங்கும், கிணறு எவ்வளவு தூரம் என்று பார்க்கட்டும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குப் பொருந்தியது கரையோர மணலுக்குப் பொருந்தாது. தீவகத்தில் உவர்நீர்க் கிணறுகள் பல உள. அயற் பாடசாலையைப் பார்த்துப் பிரதி பண்ணுதல் பயன்தராது. ஊரின் மண்ணை அறிந்தவர் ஊரவரே. ஐயமுள்ள இடத்துக் கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் நாடலாம்.

இரண்டாவது, வேலி. ஆட்டுக்கு வழி விட்ட தோட்டம் ஆட்டுக்கே உரியது. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு, மூன்று கொண்டுவந்து நட்டால் பணச்செலவு அதிகமில்லை. நாளடைவில் அந்த வேலியே பசளைக்குக் குழையும் தரும். வேலியோரம் நான்கு முருங்கைக் கதியாலும் அகத்தியும் நின்றால் ஆண்டு முழுவதும் இலைக்கறிக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, பாத்தி. 3 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இருபுறமும் நின்று சின்னப்பிள்ளையின் கை நடுவரை எட்டவேண்டும். மழைக்காலத்தில் பாத்தியை மேடாகவும், கோடையிற் பள்ளமாகவும் அமைக்கவேண்டும். முதற்பயிராக முளைக்கீரையை விதைத்தல் நன்று. நான்கு கிழமையளவில் பிடுங்கலாம். பொறுமை பழகாத பிள்ளைக்கு அதுவே ஏற்ற பயிர். வெண்டியும் பயற்றையும் இரண்டு மாதமளவிற் காய் தரும். மரவள்ளி நட்டால் எட்டுப் பத்து மாதம் காத்திருக்கவேண்டும். அது மேல்வகுப்பாருக்கு உரியது. கை கழுவும் குழாயடியில் வீணே ஓடும் நீருக்கு இரண்டு வாழை போதும்.

நான்காவது, பசளை. எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே எமக்குக் கிணற்றுநீர். நிலத்தில் அளவுமீறி இடும் இரசாயனப் பசளை அந்த நீரிற் போய்க் கலக்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளின் கிணறுகள் சிலவற்றில் அந்த எல்லை கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாடசாலைத் தோட்டத்தின் கிணறே பிள்ளைகள் குடிக்கும் கிணறாகவும் இருத்தல் கூடும். ஆகையால் குழை தாழ்த்தலும், மாட்டெருவும், உதிர்ந்த இலையையும் சமையற் கழிவையும் கொண்டு ஆக்கும் கூட்டெருவுமே அங்கே பொருத்தம்.

ஆயினும் இதை ஒரே நாளிற் சாதிக்கலாம் என்று மயங்கவேண்டாம். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி முன்னேற்பாடின்றித் தடைசெய்யப்பட்டபோது நாட்டின் உழவர் பட்ட துன்பத்தை எல்லாரும் அறிவர். அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டது. மண் மெல்ல மெல்லவே வளம்பெறும். அந்த மெல்லிய வேகத்தைக் கற்பதற்குப் பாடசாலைப் பாத்தி ஏற்ற இடம்; அங்கே ஒரு பயிர் தவறினாற் குடும்பம் பட்டினி கிடக்காது.

ஐந்தாவது, காவல். திருவள்ளுவர் உழவு என்னும் 104ஆம் அதிகாரத்தில் எருவையும் களையெடுப்பையும் நீரையும் கூறி, நீர் பாய்ச்சுவதினும் காப்பதே நன்று என்று முடிவு கட்டுகின்றார். பாடசாலைத் தோட்டத்துக்கு இது முற்றும் பொருந்தும். விடுமுறை தொடங்குமுன் ஒரு முறைப்பட்டியல் எழுதவேண்டும். 30 குடும்பங்கள் சேர்ந்தால், நாளுக்கு இரண்டு குடும்பமாக மாதத்தில் இரண்டே முறைதான் ஒருவர்க்கு வரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 15 வாளித் தண்ணீர். பாத்தியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் அதுவும் குறையும். படலைத் திறப்பு ஒன்று பெற்றோர் கையில் இருத்தல் வேண்டும். அதிபர்மாரே, இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் திறப்பைக் கொடுப்பது நம்பிக்கையைக் கொடுப்பதாகும். திறப்பைப் பெற்றவர் அத்தோட்டத்தைத் தம்முடையதென எண்ணுவர். பெறாதவர் கேட்ட வேலையை மாத்திரம் செய்து போவர்.

ஆறாவது, பங்கீடு. பறித்த காய் அதிபர் வீட்டுக்கும் அதிகாரி வீட்டுக்கும் போயிற்று என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால், மறுமுறை ஒருவரும் மண்வெட்டி தூக்கமாட்டார். விளைச்சலை நிறுத்து, கொப்பியில் எழுதி, அக்கொப்பியை எவரும் பார்க்கும் இடத்திற் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் 2024இல் ஆரம்பப் பிரிவினர் எல்லார்க்குமாக விரிக்கப்பட்டது. அந்தப் பானைக்கு முதற் கீரைப்பிடி போகட்டும். மிஞ்சியதை விற்றால், அப்பணம் அடுத்த விதைக்கு ஆகட்டும்.

இன்னொன்றையும் மறையாது கூறுதல் எம் கடமை. பாடசாலைக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பதற்கே இந்த யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்திற் போராடவேண்டியிருந்தது. 1927இல் காந்தியடிகளை இங்கு வரவேற்ற வாலிபர் காங்கிரசார், சம ஆசனத்துக்காகவும் குரல் கொடுத்தவர்கள். கிணற்றில் அள்ளும் உரிமை பலருக்கு மறுக்கப்பட்ட மண் இது. எனவே தோட்டவேலையை வகுக்கும்போது, எரு சுமப்பது ஒரு சாராருக்கும் பூப்பறிப்பது மற்றொரு சாராருக்கும் என்று பழைய வழக்கம் பின்கதவால் நுழைய விடலாகாது. ஆண்பிள்ளை கொத்த, பெண்பிள்ளை கூட்டுவது என்ற பிரிவும் வேண்டாம். எல்லார் கையிலும் ஒரே மண் படட்டும். ஒரே கிணற்றில் எல்லாரும் கை கழுவட்டும். நடுப்பகலில் அத்தோட்டத்துக் கீரையை எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து உண்ணட்டும். பேச்சினால் ஆகாத சில காரியங்கள் அந்தப் பந்தியில் ஆகும்.

1990இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் நிலம் விடுவிக்கப்பட்டுத் திரும்பிய வலிகாமம் வடக்குக் கிராமங்களை எண்ணிப் பாருங்கள். பற்றை மூடிய வளவுகளும் தூர்ந்த கிணறுகளுமே பலரை வரவேற்றன. வேறிடத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தம் ஊர் மண் அந்நியமாயிருந்தது. ஒரு கன்றை நட்டு அது காய்க்கும்வரை காத்திருப்பதைப் போல, இதுவே என் ஊர் என்ற உணர்வை வேறெது கொடுக்கும்?

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் அகப்பட்டபோது, அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரசாங்கமே கேட்டுக்கொண்டது. வளவிலே வல்லாரையும் மரவள்ளியும் முருங்கையும் நின்ற வீடுகள் அன்று ஓரளவு தாக்குப்பிடித்தன. கொத்தத் தெரியாத கைகள் விதைப்பையை வைத்துக்கொண்டு விழித்தன. பஞ்சம் வந்தபின் தோட்டம் பழகுதல், வீடு பற்றியபின் கிணறு தோண்டுவதையே ஒக்கும். பிள்ளைப் பருவமே அதைப் பழகும் காலம்.

சங்கத்து இளைஞர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராயிருந்த ஆரியரத்ன அவர்கள், தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற் சிரமதானம் செய்தார். அச்சிறு தொடக்கமே சர்வோதய இயக்கமாய் நாடெங்கும் பரந்தது. நீங்களும் திருவிழாக் காலத்திற் கோயில் வீதியைத் துப்புரவாக்குகின்றீர்கள். தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றீர்கள். அதே கைகளை ஆண்டில் சில நாள் ஊர்ப் பாடசாலைக்குக் கொடுங்கள். கிணறு இறைப்பதும் வேலி அடைப்பதும் உங்கள் பங்காகட்டும். ஆனால் தோட்டத்தை நீங்களே முழுவதும் செய்து கொடுத்துவிடாதீர்கள். பின்வரிசையில் வாய்திறவாது இருக்கும் பெற்றோரை முன்னே அழைத்து, "ஐயா, இதை எப்படிச் செய்யலாம், சொல்லுங்கோ" என்று கேளுங்கள். ஆசிரியரையும் அவரையும் ஒரே வரம்பில் நிறுத்திவிட்டால், உங்கள் வேலை பெரும்பாலும் முடிந்தது.

வருகின்ற புரட்டாதிக்கு முன் ஒரு பாடசாலையை, ஒன்றே ஒன்றை, எமது சங்கம் தெரிந்தெடுக்கட்டும். பத்துப் பாத்தி போதும். மறு ஆண்டு இதே விழாவில் அத்தோட்டம் உயிருடன் இருக்கின்றதா, விடுமுறையில் நீர் வார்த்தவர் யார் யார் என்ற கணக்கை இம்மேடையில் வாசிப்போமாக. அந்தக் கணக்கை வாசிப்பவர் ஒரு தாயோ தகப்பனோ ஆக இருத்தல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.